கைக்கு வந்த பணமும் காணாமப் போன படங்களும்

ராத்திரி நேரம், மலைப்பாதை, மேல்மூடி இல்லாத கார்ல புருஷனும் பொண்டாட்டியும் ஒரு பார்ட்டிக்குப் போய்ட்டிருக்காங்க. அவளுக்கு அங்க போகவே பிடிக்கல, அந்த வீட்டுக்காரி நம்மள ஏளனமா பாப்பா, திரும்பிடலாம்னு சண்டை போடறா. அந்த நேரத்துல எதிர்ல வர்ற கார்லேர்ந்து ஒரு பை பறந்து வந்து இவங்க பின்சீட்ல விழுது, திறந்து பாத்தா கட்டுக்கட்டா நோட்டு. 60,000 டாலர். படம் வந்தது 1949-ல, அமெரிக்கால சாதாரண வீடு ஒண்ணை பத்தாயிரம் டாலருக்குள்ள வாங்கிடலாம்ங்கற காலம். வேற யாருக்கோ போக வேண்டிய பணம் இது, இடம் மாறி வந்து விழுந்துடுச்சு, வாங்க வேண்டியவன் பின்னாடியே இன்னொரு கார்ல வந்துட்டான். இப்ப கவனிங்க, ஸ்டியரிங்க கையில எடுத்து வண்டிய விரட்டறது புருஷன் இல்ல, அவ.

படம் பேரு டூ லேட் ஃபார் டியர்ஸ். இயக்குனர் பைரன் ஹாஸ்கின், அந்த ஜேன்ங்கற பொண்ணா நடிச்சது லிசபெத் ஸ்காட். வீட்டுக்கு வந்து பணத்த மெத்தைல கொட்டறாங்க, போலீஸ்ல கொடுத்துடலாம்ங்கறான் அவன், ஒரு வாரம் பொறுத்துப் பாப்போமேங்கறா அவ. சரின்னு ரயில்வே ஸ்டேஷன் லக்கேஜ் ரூம்ல பைய வச்சுட்டு ரசீது வாங்கிக்கறாங்க. அந்த "ஒரு வாரம்"தான் முழு படமும். அவ அந்த நிமிஷத்துல திருடணும்னு முடிவு பண்ணல, கொலை பண்ணணும்னு கனவுல கூட நினைக்கல, சும்மா தள்ளிப்போடறா, அவ்வளவுதான். கெட்ட முடிவு எதுவுமே கெட்ட முடிவு மாதிரி உள்ள வராது, "இப்போதைக்கு இருக்கட்டும்"னு சொல்லிட்டுத்தான் வரும், அத இவ்ளோ கிட்ட போய் காட்டின படங்க சினிமா வரலாற்றுல ரொம்ப குறைவு.

பழைய க்ரைம் படம் ஏன் பிடிக்குதுன்னு கேட்டா நிறைய பேர் சொல்றது அந்த கறுப்பு வெள்ளை அழகு, தொப்பி, சிகரெட் புகை, ஜன்னல் பலகை நிழல் சுவத்துல விழறது. அதெல்லாம் அழகுதான், மறுக்கல. ஆனா அதுக்காக மட்டும் யாரும் வருஷக்கணக்கா பேர் தெரியாத படங்கள தேடித்தேடி பாக்க மாட்டாங்க. என்னைப் பொறுத்தவரைக்கும் இழுக்கறது வேற. பேராசையும் ஏமாத்தும் ஒரு மனுஷனுக்குள்ள எப்டி வேலை செய்யுதுன்னு அந்தக் காலத்து சின்ன பட்ஜெட் படங்க காட்டின அளவுக்கு நேர்மையா பெரிய படங்க காட்டல. அந்த நேர்மைக்கு என்ன காரணமோ அதே காரணத்தாலதான் அந்தப் படங்க பலதும் தொலைஞ்சும் போச்சு. யாரும் அதுங்கள பெருசா மதிக்கல. படம் எடுக்கும்போதும் மதிக்கல, எடுத்து முடிச்சு டப்பால போட்ட பிறகும் மதிக்கல.

முதல்ல ஒரு விதியப் பத்தி சொல்லணும், அது தெரியாம இந்தப் படங்கள புரிஞ்சுக்க முடியாது. 1934-லேர்ந்து ஹாலிவுட்ல ப்ரொடக்ஷன் கோட்னு ஒரு தணிக்கை விதிமுறை கண்டிப்பா நடைமுறைல இருந்துச்சு, 1968-ல ரேட்டிங் முறை வர்ற வரைக்கும் பேருக்காவது இருந்துச்சு. அதுல குற்றவாளி மேல பார்வையாளருக்கு அனுதாபம் வர்ற மாதிரி காட்டக் கூடாது, தப்பு பண்ணவன் தப்பிச்சுப் போகக் கூடாதுன்னு எதிர்பாப்பாங்க. இதக் கேட்டா படத்தோட சுவாரசியமே செத்துடும்னு தோணும், ஏன்னா முடிவு முன்னாடியே தெரிஞ்சு போச்சே. நடந்தது நேர்மாறு. மாட்டுவானா மாட்ட மாட்டானாங்கற கேள்விக்கு அர்த்தமே இல்லாமப் போனதால கதை எழுதறவங்க எல்லாரும் "எப்டி இதுக்குள்ள இறங்கினான், எந்த இடத்துல திரும்பியிருக்கலாம்"ங்கற பக்கம் போயிட்டாங்க. 1944-ல பில்லி வைல்டர் எடுத்த டபுள் இன்டெம்னிட்டில முதல் சில நிமிஷத்துலயே இன்சூரன்ஸ் ஏஜென்ட் குண்டடி பட்டு ஆபீசுக்கு வந்து உக்காந்து, பணத்துக்காகவும் ஒரு பொண்ணுக்காகவும் கொலை பண்ணேன், ரெண்டுமே கிடைக்கலன்னு ரெக்கார்டிங் மிஷின்ல சொல்ல ஆரம்பிச்சுடறான். முடிவு தெரிஞ்சாச்சு, அப்புறமும் நம்மால சீட்ட விட்டு எந்திரிக்க முடியாது, ஏன்னா இப்ப நாம பாக்கறது ஒரு ஆள் தன்னைத்தானே படிப்படியா சம்மதிக்க வைக்கறத.

அதே விதியால இன்னொண்ணும் நடந்துச்சு, பணம் அவங்க கைல தங்கக் கூடாதுன்னு ஆனதால அத எப்டி பிடுங்கறதுன்னு ஆளாளுக்கு யோசிச்சாங்க. தி ட்ரெஷர் ஆஃப் தி சியரா மாத்ரேங்கற 1948 படத்துல, பாடுபட்டு எடுத்த தங்கத்தூள் காத்துல பறந்துடும். ஸ்டான்லி குப்ரிக்கோட தி கில்லிங், 1956, அதுல இருபது லட்சம் டாலர், குதிரைப் பந்தய மைதானத்துல கொள்ளையடிச்ச பணம், கொள்ளைக்காரன் அத ஒரு பழைய சூட்கேஸ்ல போட்டு ஏர்போர்ட்டுக்கு எடுத்துட்டு வர்றான், பெட்டி சைஸ் பெருசு, கையில எடுத்துட்டு போக முடியாது லக்கேஜ்ல போடுன்னுட்டாங்க. வேற வழியில்லாம போடறான். ஒரு அம்மாவோட நாய்க்குட்டி ஓடுபாதை பக்கம் ஓட, லக்கேஜ் வண்டி சடார்னு திரும்ப, பெட்டி கீழ விழுந்து வாய் பிளந்து, அவ்ளோ நோட்டும் விமானத்தோட காத்துல சுழன்று பறக்குது. அத்தன துல்லியமா போட்ட திட்டம், ஒழுங்கா பூட்டாத ஒரு பெட்டில முடியுது. வங்கிக் கணக்குல எண்ணா மட்டும் இருக்கற பணத்த வச்சு இப்டி ஒரு காட்சி எடுக்கவே முடியாது. அந்தப் படங்கள்ல பணத்துக்கு எடை உண்டு, பருமன் உண்டு, ஒளிச்சு வைக்கணும், தூக்கிட்டு ஓடணும், ரசீதைத் தொலைச்சா போச்சு. பேராசைய கண்ணால பாக்கற பொருளா ஆக்கிடறாங்க.

ஆனா பேராசைன்னு சொல்றோமே, இந்தப் படங்கள்ல ஆசையோட அளவ பாத்தா ரொம்ப சின்னது. அதுதான் என்னை அசைக்கிற விஷயம். ஜேன் ஒரு இடத்துல சொல்லுவா, நாங்க பசியில வாடின ஏழைங்க இல்ல, அடுத்த வீட்டுக்காரங்களுக்கு சமமா இருக்க முடியாத நடுத்தர ஏழைங்க, அது இன்னும் மோசம்ங்கற மாதிரி. 1951-ல ஜோசஃப் லோசி எடுத்த தி ப்ரௌலர்னு ஒண்ணு இருக்கு, அதுல வேன் ஹெஃப்லின் ஒரு போலீஸ்காரன், யாரோ வீட்டுப் பக்கம் எட்டிப்பாக்கறான்னு கம்ப்ளெயின்ட் வந்து போற வீட்டுல தனியா இருக்கற பொண்ண பாக்கறான், அவ புருஷன் ரேடியோல ராத்திரி நிகழ்ச்சி நடத்தறவன். ஹால்ல ரேடியோல புருஷன் குரல் ஓடிட்டே இருக்கும், குரல் கேக்குற வரைக்கும் அவன் வீட்டுக்கு வர மாட்டான்னு அர்த்தம், அந்தக் குரல வச்சே இவங்க நேரத்த கணக்குப் பண்ணிப்பாங்க. இந்த போலீஸ்காரனோட கனவு என்ன தெரியுமா, லாஸ் வேகாஸ்ல ஒரு மோட்டல். நாம தூங்கும்போதும் அது நமக்கு சம்பாதிச்சுக் கொடுக்கும்னு கண்ணு மின்ன சொல்லுவான். அவ்ளோதான் ஆசை. இதுக்காக ஒரு கொலை, அதையும் டூட்டில இருக்கும்போது தெரியாம சுட்டுட்டேன்ங்கற மாதிரி ஜோடிச்சு, கோர்ட்டுல நல்லவன் மாதிரி நின்னு, அப்புறம் அவகிட்டயே நான் நிரபராதின்னு நம்ப வச்சு கல்யாணமும் பண்ணிக்கறான். போர் முடிஞ்ச அமெரிக்கால கடை முழுக்க புதுப்புது சாமான், எல்லாரும் முன்னேறிட்டிருக்காங்க நான் மட்டும் நின்ன இடத்துல நிக்கறேன்ங்கற எரிச்சல், அந்த எரிச்சல்தான் இந்தப் படங்களோட பெட்ரோல். பணக்காரன் இன்னும் பணக்காரனா ஆகணும்னு பண்ற குற்றம் நமக்கு தூரம். இது பக்கத்துலயே இருக்கு.

தி ப்ரௌலர எழுதினது டால்டன் ட்ரம்போ. டைட்டில்ல அவர் பேரு இருக்காது, கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த காலம், யாரும் வேலை கொடுக்கக் கூடாதுன்னு ஹாலிவுட் ஒதுக்கி வச்ச கறுப்புப் பட்டியல்ல இருந்தவர், அதனால நண்பர் ஒருத்தர் பேர்ல போச்சு. வேடிக்கை என்னன்னா அந்த ரேடியோ புருஷனோட குரல் ட்ரம்போவோடது. பேரை எடுத்துட்டாங்க, குரல் படம் முழுக்க இருக்கு. இயக்குனர் லோசியும் கொஞ்ச நாள்ல அமெரிக்காவ விட்டுப் போயிட்டார்.

படங்க அபூர்வமானதுக்கு இது ஒரு காரணம், ஆனா பெரும்பாலும் காரணம் இவ்ளோ நாடகத்தனமா இருக்காது, சாதாரண காசு கணக்குதான். அப்போ தியேட்டர்ல ஒரே டிக்கெட்டுக்கு ரெண்டு படம் போடுவாங்க. பெரிய படத்துக்கு வசூல்ல பங்கு, ரெண்டாவதா ஓடற சின்ன படத்துக்கு ஒரு நிலையான வாடகை, அவ்ளோதான். எவ்ளோ நல்லா எடுத்தாலும் அதே வாடகை, மோசமா எடுத்தாலும் அதே வாடகை. அதனால தயாரிப்பாளருக்கு ஒரே கவலை, செலவ கம்மி பண்ணு, நாளை கம்மி பண்ணு. கதைல என்ன இருக்குன்னு மேலேர்ந்து யாரும் உக்காந்து பாக்கல. செட் போட காசில்லையா, இருட்டா வச்சுடு, பின்னாடி சுவர் இருக்கா இல்லையான்னே தெரியாது. கூடவே ஹிட்லர்கிட்டேர்ந்து தப்பிச்சு ஐரோப்பாலேர்ந்து வந்த இயக்குனர்கள், கேமராக்காரங்க, நிழல வச்சு கதை சொல்லி பழகின கைங்க. இந்த ரெண்டும் சேந்ததுதான் இன்னிக்கு நாம ஸ்டைலுன்னு கொண்டாடறது. 1945-ல எட்கர் உல்மர் எடுத்த டிடூர் எழுபது நிமிஷம் கூட இல்ல, ஒரு கார், ஒரு ரூம், கொஞ்சம் மூடுபனி. பாதி படம் கார்ல உக்காந்து பேசிட்டு வர்றதுதான். அதுல இருக்கற பயம் பல பெரிய படத்துல இல்ல.

அதே மதிப்பில்லாமைதான் அப்புறம் இந்தப் படங்களக் கொன்னுச்சு. 1950 வாக்குல மாறுற வரைக்கும் ஃபிலிம் நைட்ரேட்ல இருந்துச்சு, அது தீப்பிடிக்கும், தானாவே மக்கிப் பொடியாவும், அதக் காப்பாத்த குளிர்ச்சியான அறை வேணும், ஆள் வேணும், செலவு வேணும். வாடகைக்கு ஓடி முடிஞ்ச சின்ன படத்துக்கு யாரு செலவு பண்ணுவா. அப்போ இருந்த அமெரிக்க காப்புரிமைச் சட்டப்படி 28 வருஷம் ஆனதும் உரிமைய புதுப்பிக்கணும், அதுக்குள்ள பல குட்டி கம்பெனிங்க இழுத்து மூடிட்டுப் போயாச்சு, புதுப்பிக்க ஆளே இல்ல, உரிமை போச்சு. உரிமை போனா யார் வேணா காப்பி போட்டு விக்கலாம், அதனால தேஞ்சு போன 16 எம்எம் பிரின்ட்லேர்ந்து காப்பி, அந்த காப்பிலேர்ந்து காப்பின்னு வீடியோ கேசட் காலத்துல ஓடிச்சு. டிடூர், டூ லேட் ஃபார் டியர்ஸ் ரெண்டுக்கும் இதே கதிதான். படம் எங்க வேணா கிடைக்கும், ஆனா உண்மையான படம் எங்கயும் கிடைக்காது. முகம் வெளுத்துப் போயிருக்கும், நிழல் எல்லாம் ஒரே கரியா இருக்கும், வசனம் இரைச்சல்ல முங்கிடும். நிழல்லயே கதை சொல்ற படத்துல நிழலுக்குள்ள என்ன இருக்குன்னு தெரியலன்னா அப்புறம் அந்தப் படத்துல மிச்சம் என்ன இருக்கு.

நைட்மேர் ஆலி, 1947, அதுக்கு வேற வியாதி. உரிமைச் சண்டைல சிக்கி வீட்டுல பாக்கற மாதிரி ரொம்ப வருஷம் வரவேயில்ல, 2005-லதான் டிவிடி வந்துச்சு. டைரோன் பவர்னா அழகன், வீரன்னு பேரெடுத்த ஸ்டார், அவர் இதுல மனசப் படிக்கறேன்னு சொல்லி ஊர ஏமாத்தற ஆளா வர்றார். ரகசிய வார்த்தைக் குறியீடுகள மனப்பாடம் பண்ணி, அடுத்தவங்க துக்கத்த மோப்பம் பிடிச்சு, செத்துப் போனவங்கள திரும்பக் காட்டறேன்னு பணக்காரங்ககிட்ட கறக்கற அளவுக்குப் போறான். அவன ஒருத்தி ஏமாத்தறா பாருங்க, படிச்ச மனோதத்துவ நிபுணி, பத்திரமா வச்சுக்கோன்னு அவகிட்ட கொடுத்த 1,50,000 டாலர திருப்பி வாங்கிட்டுப் போய் எண்ணிப் பாத்தா எல்லாம் ஒத்த டாலர் நோட்டு, மொத்தமே 150. அவன் முகத்த பாக்கணும் அப்போ. ஏமாத்தறவனுக்கு ஒரு நம்பிக்கை இருக்கும்ல, இந்த உலகத்துல ஏமாத்தறது நான், ஏமாறறது மத்தவன்னு, அது உடையுது.

மீட்டெடுத்தவங்களப் பத்தி சொல்லாம இருக்க முடியாது. எடி முல்லர் நடத்தற ஃபிலிம் நுவார் ஃபவுண்டேஷனும் (இந்த மாதிரி இருட்டான பழைய க்ரைம் படங்களுக்குத்தான் ஃபிலிம் நுவார்னு பேரு) கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட யூசிஎல்ஏ ஆவணக் காப்பகமும் சேந்து டூ லேட் ஃபார் டியர்ஸ ஒட்டுப்போட்டு 2014-ல முழுசா கொண்டு வந்தாங்க, முக்கியமான ஒரு நெகட்டிவ் பிரான்ஸ்லேர்ந்து கிடைச்சது. டிடூருக்கு பெல்ஜியத்துல இருந்த ஒரு பிரின்ட் கை கொடுத்துச்சு, ஆனா அதுல ரெண்டு பாஷை சப்டைட்டில் படத்து மேலயே பதிஞ்சிருந்துச்சு, அத ஒவ்வொரு ஃப்ரேமா டிஜிட்டல்ல அழிச்சு 2018-ல கொண்டு வந்தாங்க. சொந்த ஊர்ல தூக்கிப் போட்டத வெளியூர்க்காரன் எடுத்து வச்சிருக்கான், இந்தக் கதை திரும்பத் திரும்ப நடக்குது.

இதுல எனக்கு ரொம்ப நெருக்கமானது அமெரிக்கப் படமே இல்ல. அர்ஜென்டினால 1956-ல ஃபெர்னாண்டோ அயாலா எடுத்த லோஸ் தாயோஸ் அமார்கோஸ். இசை ஆஸ்டோர் பியசோலா, கேமரா ரிக்கார்டோ யூனிஸ். அந்த ஊர்ல அடுத்த வருஷம் சிறந்த படத்துக்கான சில்வர் காண்டோர் விருது வாங்கின படம், ஆனா வெளில இருக்கறவங்களுக்கு இப்டி ஒண்ணு இருக்குன்னே பல காலம் தெரியாது. கதைய கொஞ்சம் சொல்லித்தான் ஆகணும், பாக்காதவங்க இந்தப் பாராவ தாண்டிடுங்க. காஸ்பர்னு ஒரு பத்திரிகைக்காரன், நம்மளால ஒண்ணும் சாதிக்க முடியலன்னு புழுங்கறவன். லியுதாஸ்னு ஹங்கேரிலேர்ந்து வந்த அகதி ஒருத்தன் பழக்கமாறான், ரெண்டு பேரும் சேந்து தபால் வழியா பத்திரிகைத் தொழில் கத்துத் தர்றோம்னு ஒரு டுபாக்கூர் கோர்ஸ் ஆரம்பிக்கறாங்க. ஊர ஏமாத்தற பணம்தான், ஆனா அதுக்கு ஒரு நல்ல காரணம் இருக்கு, ஐரோப்பால மாட்டிட்டிருக்கற லியுதாஸோட குடும்பத்த இங்க கூட்டிட்டு வரணும், அதனால காஸ்பருக்கு மனசு உறுத்தல, சொல்லப்போனா பெருமையா கூட இருக்கு. அப்புறம் மெல்ல ஒரு சந்தேகம், இவன் சொல்ற குடும்பம் நிஜமா இருக்கா, மகன்னு ஒருத்தன் இருக்கானா, இல்ல என்னையும் ஏமாத்தறானா. எல்லாத்துக்கும் ஆதாரம் கிடைக்கற மாதிரியே இருக்கு. காஸ்பர் லியுதாஸ கொன்னு வீட்டுத் தோட்டத்துல புதைச்சுடறான். கொஞ்ச நாள்ல அந்த மகன் வந்து வாசல்ல நிக்கறான்.

அதப் பாத்ததும் காஸ்பருக்கு என்ன ஆகுதோ அதான் நமக்கும் ஆகுது, ஏன்னா அதுவரைக்கும் நாமளும் அவன் கண்ணாலதான் பாத்துட்டு வந்தோம், நாமளும் சந்தேகப்பட்டோம், லியுதாஸ் சிரிச்சா கூட கள்ளச் சிரிப்புன்னு நினைச்சோம். ஊரெல்லாம் பொய் சொல்றவனுக்கு, ஒருத்தன் சொன்ன உண்மையக் கேக்கற காது போயிடுச்சு. பேராசைக்குக் கிடைக்கற தண்டனைய ஜெயில்லயோ தூக்குலயோ காட்டற படம் ஆயிரம் இருக்கு, எதிர்ல நிக்கறவன நம்பற திறமையே போயிடும்னு காட்டினது இதுதான். இதோட நெகட்டிவ தேடிக் கண்டுபிடிச்சவர் ஃபெர்னாண்டோ மார்ட்டின் பேன்யா, மெட்ரோபோலிஸ் மௌனப் படத்தோட தொலைஞ்ச காட்சிகள 2008-ல புவனோஸ் ஐரிஸ்ல கண்டெடுத்தவர்கள்ல ஒருத்தர்.

அபூர்வம்ங்கறதாலயே எல்லாம் நல்ல படம்னு நினைக்கறது தப்பு, இத அழுத்தி சொல்லணும். தொலைஞ்சு கிடைச்சதுல பாதிக்கு மேல சுமார், சிலது தொலைஞ்சிருக்கவே செஞ்சிருக்கலாம். கிடைக்காதுங்கறதே ஒரு போதை, கிடைச்சதும் அதுக்கு இல்லாத பெருமையெல்லாம் ஏத்திச் சொல்ல வைக்கும். ஆனா பேர் தெரியாத படத்துக்குன்னு ஒரு நிஜமான லாபம் இருக்கு. புகழ்பெற்ற படத்துக்குள்ள போகும்போதே யார் கொலைகாரி, எந்தக் காட்சிக்குக் கைதட்டணும்னு நமக்கு சொல்லிக் கொடுத்துட்டாங்க. இதுல யார நம்பறதுன்னு தெரியாம உக்காந்திருக்கோம், ஏமாத்தப் பத்தின படத்த அப்டித்தான் பாக்கணும். டூ லேட் ஃபார் டியர்ஸ்ல டான் துரியேன்னு ஒருத்தர் வருவார், பணத்த தேடி வர்ற ரவுடி, முதல் காட்சில ஜேன கன்னத்துல அறையறான், ஐயோ இவ மாட்டிக்கிட்டாளேன்னு நமக்குப் பதறும். போகப்போக அவன் குடிச்சு, நடுங்கி, அவள பாத்தே பயப்பட ஆரம்பிக்கறான். நாம யாரப் பாத்து பயந்தோம், யாருக்காகப் பரிதாபப்பட்டோம்னு அரை மணி நேரத்துல தலைகீழா மாறிடுது. ஏரில படகுல அவ புருஷன கொல்ற காட்சியும் அப்டித்தான், கடைசி நேரத்துல அவ தயங்கறா, கரைக்குத் திருப்புன்னு சொல்றா, அதுக்குள்ள பைலேர்ந்து துப்பாக்கி விழுந்துடுது. அவ தயங்கினத நாம பாத்துட்டோம், அதனால முழுசா வெறுக்கவும் முடியல.

பாக்க ஆரம்பிக்கறவங்க தயவுசெஞ்சு மீட்டெடுத்த காப்பிய தேடிப் பாருங்க, இலவசமா முதல்ல வந்து நிக்கற கரிப்புகை காப்பிய இல்ல. முதல்ல டூ லேட் ஃபார் டியர்ஸ், அடுத்து தி ப்ரௌலர், அதுக்கப்புறம் அர்ஜென்டினா படம். டிடூர கடைசியா வைங்க, ரெண்டு தடவை பாக்கணும். செத்துப்போனவனோட பேரையும் காரையும் பணத்தையும் எடுத்துக்கிட்ட ஒருத்தன், எல்லாம் விதி, நான் ஒண்ணும் பண்ணலன்னு படம் முழுக்க நம்ம காதுல பேசிட்டே வருவான். முதல் தடவை அவனுக்காக வருத்தப்படுவீங்க. ரெண்டாவது தடவை அவன் சொல்றத ஒரு பக்கம் வச்சுட்டு, கை என்ன பண்ணுதுன்னு மட்டும் பாருங்க.